இன்டர்வியூ மேஜையில் ஜாக்கெட் பிட்

அப்பாவின் மடியில் மஞ்சப்பை. அதன் மேல் அவருடைய இரண்டு கைகளும். எங்கள் தலைக்கு மேலே ஒரு ஃபேன், சுற்றலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே சுற்றியது.

அடையாறைத் தாண்டி, பஸ் ஸ்டாப்பில் இறங்கி, செருப்பு சூடாகும் வரை உள்ளே நடந்தால் வரும் ஒரு சின்னப் பல்கலைக்கழகம். பெயர் வேண்டாம். அங்கே எனக்கு வேண்டியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதன் முதல் மாடி வராண்டாவில், ஆடுகிற ஒரு பெஞ்சில், நாங்கள் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தோம். ஜூன் மாதம். அக்னி நட்சத்திரம் முடிந்துவிட்டது என்று காலண்டரில் போட்டிருந்தது. காலண்டருக்கு வேர்க்காது, என்ன வேண்டுமானாலும் சொல்லும்.

"இன்னும் எவ்வளவு நேரம்ட்டி?" என்றார் அப்பா.

"தெரியலப்பா. கூப்பிடுவாங்க."

"அம்மா கடையில ஒத்தையில நிக்கா."

"நான் என்னப்பா பண்றது? நானா லேட் பண்றேன்?"

கதவுப் பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த பியூன் எங்களைத் திரும்பிப் பார்த்தார். "இன்னா பெரியவரே, அவசரப்படுற? மேடம் டிபன் சாப்டுக்கினு கீறாங்க. காலைலேர்ந்து பேசிப் பேசி அவங்களுக்குத் தொண்டையே கட்டிக்கிச்சு."

அப்பாவுக்கு அப்போது நாற்பத்திச் சொச்சம்தான். 'பெரியவரே' என்றதும் தலையைத் தடவிக்கொண்டார். காலையிலிருந்தே அவர் அதிகம் பேசவில்லை. எனக்கும் பேசத் தெம்பில்லை. மூன்று மாதமாக நான் பேசியிருந்த பேச்சுக்கு, இன்னொரு வார்த்தை பேசச் சொன்னால் அங்கேயே படுத்துவிட்டிருப்பேன்.

போன வாரம் இந்தத் தொடரில் பிளஸ் டூ ரிசல்ட் கதையை எழுதியதும், "இவ்வளவு மார்க் வாங்கிவிட்டு ஏன் இன்ஜினீயரிங் போகவில்லை?" என்று சில வாசகர்கள் கடிதம் போட்டிருக்கிறார்கள். ஐயா, அம்மா, நான் கணக்கே எடுக்கவில்லை. காமர்ஸ் குரூப். அதையும் போன வாரமே எழுதியிருந்தேன். இந்த வாரமாவது முழுசாகப் படியுங்கள்.

டெலிபோன் டிபார்ட்மென்டா?

விஷயம் இதுதான். மயிலாப்பூர்ப் பக்கம் பேர் பெற்ற ஒரு பெண்கள் கல்லூரியில் எனக்கு பி.காம். சீட் கிடைத்துவிட்டது. இந்த இன்டர்வியூவுக்கு மறுநாளுக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் வரிசையில் அடுத்து நிற்கிற பெண்ணுக்குப் போய்விடும். நான் கேட்டதோ இந்தச் சின்னப் பல்கலைக்கழகத்தின் தகவல் தொடர்பு, இதழியல் பட்டப் படிப்பு. மூன்று வருஷம். முந்தைய வருஷம்தான் ஆரம்பித்திருந்தார்கள்.

இந்த ஒரு வரியை அந்தக் கோடையில் எத்தனை பேருக்கு விளக்கினேன் என்று எனக்கே தெரியாது.

"கம்யூனிகேஷன்னா? டெலிபோன் டிபார்ட்மென்டா? நல்ல வேலைதான். சீக்கிரம் கனெக்‌ஷன் வாங்கிக் குடு" என்றார் எதிர்க்கடை பாத்திரக்காரர். அவர் டெலிபோனுக்கு எழுதிப் போட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தவர்.

"சினிமால சேர்றியா? கோடம்பாக்கத்துல எங்க மச்சான் ஒருத்தன் லைட் புடிக்கிறான், சொல்லட்டா?" என்றார் எங்கள் தெரு இஸ்திரிக்காரர்.

என் தோழி ஷோபனா மயிலாப்பூர்க்காரி. கோயில் குளத்துக்குப் பின்பக்கம் நாலு தலைமுறையாக இருக்கிற வீடு. அவள் அம்மா காபியை ஆற்றிக் கொடுத்துக்கொண்டே கேட்டார், "எங்காத்துல எல்லாரும் சி.ஏ.தான் பண்ணிண்டிருக்கா. நீயும் சேர்ந்து படியேன்டி. பத்திரிகைக்கெல்லாம் எதுக்குத் தனியா ஒரு படிப்பு? எழுதத் தெரிஞ்சவா எழுதப் போறா."

"எழுதத் தெரியலைன்னாலும் எழுதறாங்களே மாமி, அதுக்குத்தான் படிப்பு" என்றேன். மாமிக்குப் பிடிக்கவில்லை. ஷோபனா மேஜைக்கடியில் என் காலை மிதித்தாள்.

மிச்சம் இருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னது, கம்ப்யூட்டர். அந்த வருஷம் தி.நகரில் டீக்கடைக்கு மேல் மாடியெல்லாம் கம்ப்யூட்டர் சென்டர். டீ குடிக்க வந்தவர்கள் தப்பான படியில் ஏறினால் ஒரு டிப்ளமாவோடு இறங்கி வருவார்கள் போலிருந்தது.

ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து விளக்க வேண்டும். அவர்கள் கடைசியில் "ஓஹோ" என்பார்கள். அந்த ஓஹோவுக்கு அர்த்தம் 'அய்யோ பாவம்' என்று எனக்குத் தெரியும். மே மாதக் கடைசியில் யாராவது "என்னம்மா படிக்கப் போற?" என்று வாயைத் திறந்தாலே "இன்னும் முடிவு பண்ணல" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்ட ஆரம்பித்தேன்.

நோ பார்க்கிங்

நிஜக் காரணம் உன்னதமானது ஒன்றும் இல்லை. நாட்டைத் திருத்தும் எண்ணம் எனக்கு அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை.

ஒரு நாள் எங்கள் பக்கம் தண்ணி லாரி வராமல் பெண்கள் எல்லாம் குடத்தோடு ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். நானும் குடத்தோடு நின்றேன். அப்போது ஒரு அக்கா மொபெட்டில் வந்து இறங்கினாள். பருத்திச் சுடிதார், தோளில் ஜோல்னாப் பை. வண்டியை நேராகக் கொண்டுபோய் நோ பார்க்கிங் போர்டின் அடியில் நிறுத்தினாள்.

டிராபிக் போலீஸ்காரர் விசிலோடு ஓடி வந்தார். "யம்மா, இன்னா கண்ணு தெரியல? எடு வண்டிய!"

அவள் பையிலிருந்து ஒரு அட்டையைக் காட்டினாள். "பிரஸ். தண்ணி எப்போ வரும்னு உங்களுக்கு ஏதாவது தெரியுமா சார்?"

"எனக்கு இன்னா மேடம் தெரியும்? எங்க ஊட்லயே தண்ணி இல்ல" என்று சொல்லிவிட்டு விசிலைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். யம்மா மேடமாக மாற ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அந்த நோ பார்க்கிங்தான் என்னை இதழியலுக்குக் கூட்டி வந்தது. எங்கள் வீட்டில் ஆறு மணி ஆனால் பெண் பிள்ளை உள்ளே இருக்க வேண்டும். நான் உள்ளே வந்து ஜன்னல் வழியாகப் பார்க்கும்போது, அந்த அக்கா ஏழு மணிக்கும் ரோட்டில் நின்று ஒரு கவுன்சிலரைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். அவளை யாரும் "வீட்டுக்குப் போ" என்று சொல்லவில்லை. இருட்டிய பிறகும் ஊருக்குள் சுற்ற ஒரு நியாயமான காரணம். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது? "சமூகத்துக்குப் பயன்படும் படிப்பு" என்று சொல்லி வைத்திருந்தேன். அவர் தலையை ஆட்டினார்.

வெளிச்சத்துக்கு வாங்க

அப்பா திருநெல்வேலிப் பக்கத்து ஆள். மீசை முளைக்கும் முன்பே தி.நகருக்கு வேலைக்கு வந்து, பல துணிக்கடைகளில் நின்று, கடைசியில் ஒரு சந்துக்குள் சொந்தமாக மேட்சிங் சென்டர் போட்டவர். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பெரிய கடையில் சேலை எடுத்துக்கொண்டு வருவார்கள். அதற்குச் சேர்கிற நிறத்தில் ஜாக்கெட் பிட் எடுக்க எங்கள் மாதிரி கடைக்கு வர வேண்டும். ஆள் நிற்கவே இடமில்லாத கடை, கூரை வரைக்கும் துணி. ஒரே பச்சையில் எங்களிடம் இருக்கிற வகைகளைப் பார்த்தால் பச்சை மேலேயே வெறுப்பு வந்துவிடும்.

எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. எந்த நிறத்தையும் கடைக்குள் வைத்து முடிவு பண்ணக் கூடாது. டியூப் லைட் பொய் சொல்லும். சேலையையும் பிட்டையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் வெயிலில் வைத்துப் பார்க்க வேண்டும். அப்பா ஒரு நாளைக்கு நூறு தடவையாவது சொல்லுவார், "வெளிச்சத்துக்கு வாங்கம்மா." சந்தில் நடக்கிறவர்கள் எங்கள் கடை வாசலில் எப்போதும் யாராவது இரண்டு பேர் ஒரு சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்ப்பார்கள்.

என் படிப்பையும் அவர் அப்படித்தான் பார்த்தார். பி.காம். கல்லூரியைப் பற்றி அவருக்குக் கேள்வியே இல்லை. அங்கே படித்த பெண்கள் எங்கள் கடைக்கு வருகிறார்கள், நன்றாகத்தான் இருக்கிறார்கள். இந்தச் சின்னப் பல்கலைக்கழகத்தைப் பற்றி மட்டும், "நான் நேருல வந்து பாக்கேன். பாத்துட்டுச் சொல்லுதேன். சரிப்படலைன்னா நாளைக்கு அங்க போயிச் சேந்துரணும். பொறவு பேச்சு இருக்கக் கூடாது" என்றார்.

நானும் சரி என்றேன். அதற்கு மேல் சண்டை போட எனக்கு மூச்சில்லை.

எங்கள் வீட்டில் இன்னொரு வழக்கமும் உண்டு. யார் வீட்டுக்கு, என்ன காரியமாகப் போனாலும் வெறுங்கையோடு போக மாட்டோம். ஒரு ஜாக்கெட் பிட், அதன் மேல் வெற்றிலை பாக்கு. டாக்டரம்மா, டீச்சர், வீட்டு ஓனர் சம்சாரம், எல்லோர் பீரோவிலும் எங்கள் கடைத் துணி இருக்கும். அதை எப்போதும் அம்மாதான் கொடுப்பாள், கிளம்பும்போது, குங்குமம் வைத்து.

அன்றைக்குக் காலையில் நான் குளித்துக்கொண்டிருந்தபோது அம்மா அப்பாவிடம் சொன்னது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. "இன்டர்வியூ எடுக்குத அம்மாவுக்கு பிட்ட நம்ம பிள்ளைய விட்டுக் குடுக்கச் சொல்லுங்க. நீங்க குடுத்துராதீங்க, ஆம்பள குடுத்தா நல்லாருக்காது. பேசி முடிச்சு எந்திரிக்கும்போது." அந்த அம்மா என்ன நிறத்தில் சேலை கட்டியிருப்பாரோ தெரியாதே என்று அப்பா ஆறு பிட் எடுத்துப் பையில் வைத்திருக்கிறார்.

கறுப்பு சேராது

பியூன் ஒருவழியாக எங்களை உள்ளே விட்டார்.

சின்ன அறை. ஒரு மேஜை, ஒரு இரும்பு பீரோ, மூலையில் கட்டுக் கட்டாகப் பழைய பேப்பர். துறைத் தலைவர் மேடத்துக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். பல வருஷம் பத்திரிகையில் நிருபராக இருந்துவிட்டு இங்கே வந்தவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தார். கண்ணுக்குக் கீழே கறுப்பு. எங்களை விடக் களைப்பாக இருந்தார். அது எனக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது.

"ஏன்மா ஜர்னலிசம்?"

"கேள்வி கேக்கப் பிடிக்கும் மேடம்" என்றேன். வீட்டில் ரெடி பண்ணிக்கொண்டு வந்த பதில்.

"சரி. பதிலைக் கேக்கப் பிடிக்குமா?"

அதற்கு நான் ரெடி பண்ணிக்கொண்டு வரவில்லை. மேடம் பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. அப்பா பக்கம் திரும்பினார்.

"சார், நேராவே சொல்லிடறேன். இது ரெண்டாவது பேட்ச். ஒரே ஒரு கேமரா, அந்த பீரோவுக்குள்ள இருக்கு. சாவி கீழ ஆபீஸ்ல. அதை வாங்க மூணு கையெழுத்து வேணும். வேலைக்கு நான் கேரன்டி தர மாட்டேன். கிடைச்சாலும் சம்பளம் சுமார், நேரம் காலம் கிடையாது. ஆள் சேரலைன்னா அடுத்த வருஷம் இந்த டிபார்ட்மென்டே இருக்குமான்னு எனக்குத் தெரியாது. உங்க பொண்ணுக்கு நல்ல காலேஜ்ல பி.காம். சீட் வேற இருக்குன்னு அப்ளிகேஷன்ல போட்டிருக்கு. ஏன் சார் இங்க சேக்கறீங்க?"

அப்பா என்னைப் பார்த்தார். மேடத்தைப் பார்த்தார். பிறகு மேடத்தின் சேலையைப் பார்த்தார்.

துவைத்துத் துவைத்து வெங்காயத் தோலுக்கும் செங்கல்லுக்கும் நடுவில் நின்றுவிட்ட ஒரு காட்டன் சேலை. அதற்குக் கறுப்பு ஜாக்கெட். கறுப்பு எல்லாத்துக்கும் சேரும் என்று சொல்கிறவர்கள்தான் எங்கள் தொழிலுக்கு எதிரிகள்.

அப்பாவின் கை மஞ்சப்பைக்குள் போனது. நான் பார்ப்பதற்குள் ஆறு ஜாக்கெட் பிட்டும் மேஜை மேல் விரிந்துவிட்டன. அப்ளிகேஷன் மேல் ஒன்று, டிபன் பாக்ஸ் மேல் ஒன்று.

"மேடம், இந்தச் சேலைக்குக் கறுப்பு சேராது. இத வச்சுப் பாருங்க." ஒன்றைத் தூக்கிப் பிடித்தார். "இல்ல, இது ஒரு பொட்டு கூடுதல். இது... ஆங், இதுதான். இங்க டியூப் லைட்டுல தெரியாது மேடம். வராண்டாவுக்கு ஒரு எட்டு வந்தீங்கன்னா..."

"அப்பா" என்றேன். அவர் காதில் விழவில்லை. தேர்ந்தெடுத்த பிட்டை மடித்து, அதன் மேல் வெற்றிலைப் பொட்டலத்தை வைத்து மேடம் பக்கம் தள்ளினார். "நம்ம கடைத் துணி. வச்சுக்கிடுங்க."

மேடம் அதைத் தொடவில்லை.

"சீட்டுக்கா சார்?"

அப்பாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"நான் பேப்பர்ல இருந்தப்போ போற பிரஸ் மீட்ல எல்லாம் சூட்கேஸ், சுவர்க் கடிகாரம், கவர்னு நீட்டுவாங்க. அதைப் பாத்துப் பாத்து அலுத்துப் போய்த்தான் இங்க வந்தேன். இங்கயும் ஆரம்பிச்சாச்சா?" மேடம் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "எடுத்துக்கிட்டு வெளிய உக்காருங்க சார். ப்ளீஸ்."

அப்பா ஆறு பிட்டையும் மடித்தார். கடையில் மடிக்கிற அதே மடிப்பு, ஓரம் பிசகாமல். பையில் வைத்தார். வெளியே போனார்.

"அது லஞ்சம் இல்ல மேடம்" என்றேன்.

"அப்போ என்ன?"

அப்பா போன கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

மேடம் ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார். "இன்னைக்கு எல்லாருக்கும் ஒரு டாபிக் குடுத்துக்கிட்டிருந்தேன். உனக்கு டாபிக் நீயே கொண்டு வந்துட்ட. இப்போ இங்க நடந்ததை நியூஸா எழுது. தமிழ்லயே எழுது. அஞ்சாறு வரி போதும்."

அவர் தரப்பு

எழுதினேன். 'தி.நகரைச் சேர்ந்த துணிக்கடைக்காரர் ஒருவர், தன் மகளின் சேர்க்கைக்கான நேர்காணலின்போது துறைத் தலைவருக்கு ரவிக்கைத் துணி கொடுத்தார். துறைத் தலைவர் அதை ஏற்க மறுத்து அவரை வெளியே அனுப்பினார்.'

மேடம் படித்தார். "ஏன் குடுத்தார்?"

"தெரியல மேடம்."

"தெரியலைன்னா கேட்டுட்டு வா. அவர் என்ன சொல்றார்னு இல்லாம இது நியூஸ் கிடையாது. வெளியதானே உக்காந்திருக்கார்?"

வராண்டாவுக்கு வந்தேன். என்னைப் பார்த்ததும் அப்பா எழுந்துவிட்டார்.

"முடிஞ்சிட்டா? வா, போவோம்."

"முடியலப்பா. ஒரு கேள்வி கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

"யார?"

"உங்களத்தான்."

"எதுக்கு?"

"எழுதறதுக்கு. நீங்க துணி குடுத்ததை நியூஸா எழுதச் சொல்லியிருக்காங்க."

என்னையே பார்த்தார். "யாரு, நீயா எழுதுத?"

"ஆமா."

"அப்பனையா?"

கையிலிருந்த தாளைத் திருப்பிப் பிடித்தேன்.

"போதும்ட்டி. இந்த எடம் நமக்குச் சரிப்படாது. வெத்தல பாக்கு வச்சுக் குடுத்தத திருப்பிக் குடுக்குத எடத்துல என்னத்தப் படிக்கப் போற? நாளைக்குப் போயி பி.காம்ல சேந்துரு. மானத்தோட இருப்போம். எந்திரி."

நான் எழுந்துதான் நின்றுகொண்டிருந்தேன். உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். மூன்று மாதமாகப் பாத்திரக்காரருக்கும் இஸ்திரிக்காரருக்கும் மாமிக்கும் விளக்கியதெல்லாம் அந்த மஞ்சப்பையோடு பஸ் ஏறிப் போய்விடும் போலிருந்தது. எழுந்து போய்விடலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பி.காம். என்றால் யாருக்கும் எதுவும் விளக்க வேண்டாம்.

பேனா மூடியைக் கழற்றினேன்.

"ஏன்ப்பா குடுத்தீங்க?"

அப்பா திரும்பிக்கொண்டார். எங்கள் வீட்டில் நான் கேள்வி கேட்டால் பதிலையும் நானே சொல்லிவிடுவேன். அன்றைக்குச் சொல்லவில்லை. அந்த ஃபேன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"சொல்லு பெரியவரே, பொண்ணு கேக்குது இல்ல?" என்றார் பியூன்.

"நீரு சும்மா இரும்வே" என்றார் அப்பா.

கொஞ்ச நேரம் கழித்து அவரும் உட்கார்ந்தார். பெஞ்சு ஆடியது.

"அந்த அம்மா கேட்டாவல்லா, ஏன் இங்க சேக்கீங்கன்னு" என்று ஆரம்பித்தார். குரல் சின்னதாக இருந்தது. "எனக்குத் தெரியலட்டி. நீ மூணு மாசமாச் சொல்லுத, நானும் தலைய ஆட்டுதேன். ஒண்ணும் மண்டையில ஏறல. ஒண்ணும் தெரியாத ஆளுன்னு தெரிஞ்சா உனக்கு சீட்டு குடுக்காமப் போயிருவாவளோன்னு பயந்துட்டேன். கை தன்னால பைக்குள்ள போயிட்டு. சேலையப் பத்தின்னா நான் பேசிருவேன்லா."

எழுதினேன். எழுதும்போது நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எழுத முடிந்திருக்காது.

"எல்லாத்தையும் எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"பயந்துட்டேன்னு சொன்னதயுமா?"

"அதையும்தான்."

அப்பா வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பேர் எங்கே?

மேடம் படித்தார். இன்னொரு தடவை படித்தார்.

"பேர் எங்க?"

"பேர் வேணாம் மேடம்."

"ஏன்?"

"எங்கப்பா மேடம்."

"எல்லாரும் யாருக்காவது அப்பாதான்." பேனாவை மேஜை மேல் வைத்தார். "பேர் போட்டா நியூஸ். போடலைன்னா வம்பு. உன்னால முடியலைன்னா தப்பே இல்லம்மா, போய் பி.காம். படி. கோவத்துல சொல்லல, நெஜமாவே சொல்றேன். நிம்மதியா இருப்ப."

"அவரை ஒரு தடவை கேட்டுட்டு வரட்டுமா?"

"கேளு. சீக்கிரம் வா. எனக்கு இன்னும் ஆள் இருக்கு."

மறுபடி வராண்டா. அப்பாவிடம் தாளை நீட்டினேன். "நீயே படி" என்றார். படித்தேன். பியூனும் ஸ்டூலை நகர்த்திக்கொண்டு பக்கத்தில் வந்துவிட்டார். அப்பா தரையைப் பார்த்தபடி கேட்டார். அவர் சொன்ன வார்த்தைகளை என் வாயால் கேட்டபோது அவர் கழுத்து லேசாக அசைந்தது.

முடித்தேன். இப்போது கிழித்துப் போடு என்பார், அல்லது எழுந்து படியிறங்கிவிடுவார் என்று நினைத்தேன்.

"துணிக்கடைக்காரர் ஒருவர்னு போட்டிருக்கியே, யாரு அவன்?" என்றார்.

"நீங்கதாம்ப்பா."

"அப்ப பேரப் போடு."

"அப்பா..."

"நான் என்ன ஒளிச்சு மறைச்சா குடுத்தேன்? மேஜை மேல விரிச்சுல்லா வச்சேன். பேரில்லாம இருந்தாத்தான் எவனோ களவாணிப்பய குடுத்த மாதிரி இருக்கு. போடு."

"கடை பேரு?"

யோசித்தார். "அது வேண்டாம். கடை உங்க அம்மா பேருல இருக்கு. அவகிட்டக் கேக்காமப் போடக் கூடாது."

பியூன் சிரித்துவிட்டார். "கரெக்ட்டா சொன்ன நைனா" என்றார். பெரியவர் போய் நைனா வந்தது அப்பாவுக்குத் திருப்தி.

பெஞ்சிலேயே தாளை வைத்து, 'துணிக்கடைக்காரர் ஒருவர்' என்பதை அடித்துவிட்டு, சுடலைமுத்து என்று எழுதினேன்.

"இனிஷியல்" என்றார் அப்பா.

ஐ. சுடலைமுத்து.

மேடம் அதை வாங்கி ஒரு ஃபைலுக்குள் வைத்தார். பாராட்டவெல்லாம் இல்லை. "கீழ ஆபீஸ்ல போய்ச் சேர்ந்துடு. சாப்பாட்டு நேரத்துக்கு மூடிடுவாங்க, ஓடு" என்றார். நான் கதவு வரை போனதும், "உங்கப்பாகிட்ட சாரி சொல்லிடு. துணியை வாங்க மாட்டேன், ஆனா சாரி" என்றார்.

கீழே ஆபீஸ் கவுன்டரில் பெற்றோர் கையெழுத்து போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினார்கள். அப்பா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பின்னால் வரிசை உறுமியது.

"கேரன்டி கெடையாதுன்னு அந்த அம்மாவே சொல்லுதாவ" என்றார், யாரிடமும் இல்லாமல். "சாயம் போவும்னு சொல்லி விக்கவன் கடையில நான் சரக்கு எடுத்திருக்கேன். அவன் என்னைக்கும் ஏமாத்துனதில்ல." போட்டார்.

பஸ் ஸ்டாப்பில் நிழல் இல்லை. தார் இளகிச் செருப்பில் ஒட்டியது. நாங்கள் இருவரும் ஒரு விளம்பரப் பலகையின் கம்பத்து நிழலில் வரிசையாக, ஒருவர் பின் ஒருவராக நின்றோம். ஜெயித்த மாதிரி எதுவும் எனக்குள் இல்லை. வீட்டுக்குப் போய்த் தூங்க வேண்டும் என்று மட்டும் இருந்தது.

"ஏட்டி" என்றார் அப்பா பின்னாலிருந்து. "நாளைக்கு வேலைக்குப் போனா, எல்லாரையும் இப்பிடித்தான் உக்காத்தி வச்சுக் கேப்பியா?"

"ஆமாப்பா. அதான் வேலை."

"அவுக சொல்லுத வரைக்கும் பேசாம இருப்பியா?"

"இருக்கணும்."

பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். வரவில்லை.

"பாவம்ட்டி அவுகல்லாம்" என்றார்.